நூலக வரி எங்கே? நவம்பர் 1 கிராம சபையில் கேட்போம்!



உங்கள் வீட்டில் இருக்கும் வீட்டு வரி ரசீதைக் கொஞ்சம் எடுங்கள். பழையதானாலும் பரவாயில்லை, ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வீட்டு வரித் தொகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு தொகை இருக்கும். அதுதான் நூலக வரி. வீட்டு வரி 220 ரூபாய் என்றால் நூலக வரி 22 ரூபாய். ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம், கூரை வீட்டுக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மாரும் கட்டுகிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று உங்கள் ஊராட்சியில் யாராவது கேட்டதுண்டா?

கேட்டாக வேண்டிய நேரம் வந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாம் நடத்தும் மாலை நேர வாசிப்பு மையங்களுக்கு மூன்று ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த நன்கொடை நின்றுவிட்டது. “எங்கள் முன்னுரிமைகள் மாறியிருக்கின்றன” என்று நாகரிகமாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் வருத்தமில்லை, கொடுத்த வரைக்கும் நன்றி. ஆனால் மாலை ஆறு மணிக்குப் பாயை விரித்து உட்காரும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை மாறவில்லை. பல மையங்களில் சொல்லித்தரும் பெண்கள் ஜூன் மாதத்திலிருந்து ஒரு ரூபாய்கூட வாங்காமல் வந்துகொண்டிருக்கிறார்கள். எத்தனை நாள் வருவார்கள்?

அரூர் பக்கத்து மையம் ஒன்றில் ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தால் யாருக்கும் மனம் குளிரும். அச்சில் வார்த்த மாதிரி கையெழுத்து, தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு, ஓரத்தில் தேதி. நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து “இது என்ன?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “எழுதத்தான்க்கா வரும், படிக்க வராது.” கரும்பலகையில் இருப்பதைக் கோலம் மாதிரி பார்த்து இறக்கிவிடப் பழகியிருக்கிறாள். அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனதில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் பாதி போயின. கொரோனா மிச்சத்தைக் கொண்டுபோயிற்று. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி மட்டும் தங்கு தடையில்லாமல் வந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் இருக்கிறாள், கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவர் என்ற பட்டியலிலும் இருப்பாள். எங்கேயும் அவள் குறை தெரியாது.

இவள் ஒருத்தி என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை. 2022-இல் நடந்த அசர் கற்றல் ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர்தான். 2018-இல் இது 40-ஐத் தாண்டியிருந்தது. 2022-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களெல்லாம் இப்போது உயர்நிலை வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் இரண்டொரு ஆண்டில் பள்ளியைவிட்டே போய்விடுவார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வண்டி ஏறியபின் அவர்களைப் பிடித்து உட்காரவைக்க நம்மாலும் ஆகாது, வேறு யாராலும் ஆகாது. நான் அவசரம் என்று சொல்வது இதைத்தான்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி எழுத்தறிவில் 91 விழுக்காட்டைத் தாண்டி நின்றபோது, தருமபுரி 68-இல் நின்று மாநிலத்திலேயே கடைசி மாவட்டமாக இருந்தது. மாநிலப் பழங்குடி மக்களின் எழுத்தறிவு 54 விழுக்காடு. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் நமக்கு மையங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சரி, அரசுத் திட்டங்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன. கணக்கைத்தான் பார்ப்போமே. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக ஒன்றிய அரசு 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கான மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். இலக்கு ஐந்து கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 208 ரூபாய் வரும். ஒரு அரிச்சுவடி, ஒரு நோட்டு, பென்சில், தேர்வுத்தாள், மேற்பார்வைச் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சொல்லித்தருகிறவருக்கு? அவர் தன்னார்வலர், ஊதியம் கிடையாது. நாட்டின் எழுத்தறிவின்மையைத் தீர்க்கும் பொறுப்பைக் காசில்லாமல் உழைக்கும் ஆள்களின் தலையில் வைத்துவிட்டு, அதற்குத் தன்னார்வம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பயிற்சி மையங்கள் இருந்தன. 1988-இல் தொடங்கிய திட்டம் அது. தீப்பெட்டி ஆலையிலிருந்தும் சூளையிலிருந்தும் மீட்ட பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படித்துத்தான் முறையான பள்ளிக்குப் போனார்கள். அந்தத் திட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைத்துவிட்டோம் என்றார்கள். அந்தப் பெரிய திட்டத்தில் ஒன்றியத்தின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பிறகு என்ன நடந்தது? பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024–25-க்கு வரவேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஒரு திட்டத்தில் சேராததற்காக இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது முறையல்ல என்று நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழுவே 2025-இல் சொல்லிற்று. மாநில அரசு அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சின்னக் கடையைப் பெரிய கடையோடு சேர்த்தார்கள், பிறகு பெரிய கடைக்குச் சரக்கு வருவதை நிறுத்தினார்கள். சூளைப் பிள்ளை தெருவில்தான் நிற்கிறது. இந்த வழக்கில் நம் மாநிலத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் முடிவு. ஆனால் தீர்ப்பு வரும்வரை மையத்தைப் பூட்டிவைக்கவா முடியும்?

மாநில அரசையும் நாம் கேட்கத்தான் வேண்டும். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி நம் எல்லாருக்கும் தெரியும். நம் மையப் பெண்களில் பாதிப்பேர் அதில் இருந்தவர்கள். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். ஊர்த் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை ஒன்றரை மணி நேரம். அது பலன் தந்ததா என்று அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் சுமார் 19,000 கிராமத்துப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். ஊர்ப் பெண் ஒருத்தி, ஒரு பாய், மாதம் ஆயிரம் ரூபாய். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நல்ல பலன் தந்த திட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அப்படிப்பட்டதைக் கொரோனா காலத்து முதலுதவி என்று எண்ணிச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். காயம் ஆறவில்லை, கட்டை மட்டும் அவிழ்த்தாயிற்று.

மதிப்பூதியம் கொடுப்பது பற்றி நம் தோழர்கள் சிலரிடமே ஒரு வழக்கு இருக்கிறது. “சேவைக்குக் கூலியா? அறிவொளிக் காலத்தில் நாம் காசா வாங்கினோம்?” என்கிறார்கள் மூத்தவர்கள். அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை குறையாது. ஆனால் இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

அறிவொளி எழுத்தறிவு இயக்கம் என்ன நடத்திக்காட்டியது என்பது வரலாறு. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல் உடைக்கும் பெண்களும் களை பறிக்கும் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தொண்டர்கள் காசு வாங்கவில்லை, உண்மை. ஆனால் பின்னால் அரசு நின்றது. ஒன்றியம் இரண்டு பங்கு, மாநிலம் ஒரு பங்கு என்று பணம் வந்தது, அதுவும் நேராக மாவட்ட எழுத்தறிவுக் குழுவின் கைக்கு. அரிச்சுவடி அச்சிடவும் பயிற்சிக்கும் கலைக்குழுவுக்கும் வண்டிக்கும் ஆட்சியர் அலுவலகமே ஓடியது. ஒன்றரை இரண்டு ஆண்டு திருவிழா அது. திருவிழாவில் எல்லாரும் சும்மா தேர் இழுப்பார்கள். திருவிழா முடிந்து அன்றாட வேலை வந்தபோது, வளர்கல்வி மையங்களை நடத்த ஆளுக்குக் கொஞ்சம் மதிப்பூதியம் கொடுத்தார்கள். 2009 செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே முடித்தார்கள். அதற்குப் பதில் வந்த சாக்‌ஷர் பாரத், வயதுவந்த பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடோ அதற்குக் கீழோ உள்ள மாவட்டங்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. மற்ற மாவட்டங்களில் மையப் பொறுப்பாளர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். புதிதாகப் படித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார்கள். சாக்‌ஷர் பாரத்தும் 2018 மார்ச்சில் முடிந்தது.

இன்று நம் மையங்களில் சொல்லித்தருகிறவர்கள் யார்? பெரும்பாலும் கல்யாணமாகிக் குழந்தையோடு இருக்கும் பெண்கள், டிகிரி முடித்து வேலை கிடைக்காத பெண்கள். மாலை இரண்டு மணி நேரம் இங்கே வந்தால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டும். “அங்க போயி என்னத்த கொண்டாந்துட்ட?” என்ற கேள்விக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் ஒரு பதில். காசு வாங்காமல் சேவை செய்ய வசதியுள்ளவர்கள்தான் வரவேண்டும் என்றால் மேல்தெருக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். காலனியிலிருந்தும் மலையிலிருந்தும் ஒருவரும் வரமாட்டார்கள். நம் மையங்களின் பலமே அந்தந்தத் தெருவின் பெண் அந்தந்தத் தெருவில் சொல்லித்தருவதுதான். மதிப்பூதியம் வேண்டும் என்பதை இனிக் கூச்சமில்லாமல் எல்லா விண்ணப்பத்திலும் முதல் கோரிக்கையாக எழுதுவோம்.

நன்கொடைக்காரர்களோடு நமக்குள்ள சிக்கலும் இங்கேதான். நிறுவனச் சட்டம் 2013, பெரிய லாபம் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒசூரைச் சுற்றி எத்தனை ஆலை என்று உங்களுக்கே தெரியும். கேட்டால் ஸ்மார்ட் போர்டு தருகிறார்கள், டேப்லெட் தருகிறார்கள், நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட புத்தகப் பை தருகிறார்கள். சொல்லித்தருகிறவளுக்குச் சம்பளம் என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. படமெடுத்துப் போடப் பொருள் வேண்டும் அவர்களுக்கு. அதோடு 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்.1 பதிவு எண் எல்லாம் கேட்கிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் ஊர் மையத்துக்கு இவை எங்கிருந்து வரும்? முன்பெல்லாம் பதிவுள்ள பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டு உதவியை வாங்கி நம்மைப் போன்ற சிறிய குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி அப்படிக் கைமாற்றித் தருவதையும் தடுத்துவிட்டார்கள். ஆகவே மாவட்டத்துக்கு ஒரு சங்கமாகச் சேர்ந்து பதிவு செய்துகொண்டு, எல்லா மையங்களுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடுவதைத் தவிர வழியில்லை. இதற்கு ஏழு பேர் போதும், பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த தோழர்கள் முன்வாருங்கள். மேடையில் பேச நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்.

இனி நூலக வரிக்கு வருகிறேன். அது யாரும் இரக்கப்பட்டுத் தருவதில்லை. 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் முயன்றதன் பலனாக, கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் அது நிறைவேறியது. அதற்கும் முன்னால், 1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன மண் இது. சொத்து வரியோடு நூலக வரியை உள்ளாட்சிகள் வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நூலக நிதியில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். வசூலித்ததைச் சேர்க்காமல் உள்ளாட்சிகள் கோடிக்கணக்கில் நிலுவை வைத்திருப்பது செய்தித்தாள்களில் பலமுறை வந்துவிட்டது. மக்கள் படிக்கக் கொடுத்த காசில் தெருவிளக்கும் டீசலும் போட்டால் அதற்கு என்ன பெயர்?

இதில் இன்னொரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. ஒரு சாதாரண ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,500 வீடு, சராசரி வீட்டு வரி 150 ரூபாய் என்றால் நூலக வரி ஆண்டுக்கு 22,500 ரூபாய். ஒரு மையம் நடத்த நாம் போட்ட கணக்கு, மதிப்பூதியம் 36,000, புத்தகம் 6,000, விளக்கு பாய் சில்லறைச் செலவு 3,000, ஆக மொத்தம் 45,000. வரி முழுதும் வந்தாலும் பாதிதான் ஆகும். வரி அந்தந்த மாவட்டத்தின் நிதிக்கே போவதால், சொத்து மதிப்பு அதிகமுள்ள ஊருக்கு நூலகப் பணமும் அதிகம். எழுத்தறிவு குறைந்த ஊரில் வீடும் சின்னது, வரியும் சின்னது, நூலகப் பணமும் சின்னது. எங்கே பசி அதிகமோ அங்கே சோறு குறைவு. எனவே இரண்டு கோரிக்கை ஒன்றாகப் போக வேண்டும். வசூலித்த நூலக வரியை நிலுவையோடு சேர்த்துக் கட்டு என்பது உள்ளாட்சிக்கு. எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களின் நூலக நிதிக்கு வரிக்கு ஈடாக மானியம் கொடு, அதிலிருந்து வாசிப்பு மையங்களின் மதிப்பூதியத்தைக் கொடு என்பது மாநில அரசுக்கு. வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்னால் இது சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்க வேண்டும்.

கட்டடம் கேட்டு நாம் அலைய வேண்டியதுமில்லை. 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். சிலவற்றைப் பின்னாளில் புதுப்பித்திருக்கிறார்கள், நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. பூட்டிக்கிடப்பவை? எனக்குத் தெரிந்த ஒன்றில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் எரிந்துபோன டியூப்லைட்டும் அடுக்கியிருக்கின்றன. பின்சுவர் அலமாரியில் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமலே இருக்கின்றன. நூலகத் துறையில் கேட்டால் அது ஊரக வளர்ச்சித் துறையுடையது என்கிறார்கள், ஊரக வளர்ச்சித் துறையில் கேட்டால் புத்தகம் எங்கள் வேலையில்லை என்கிறார்கள். அந்தச் சாவியை மாலை ஐந்து மணிக்கு நம் மையப் பெண்ணின் கையில் கொடு என்று தீர்மானம் போட்டால் போதும். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக அச்சிட்டிருக்கும் நுழை, நட, ஓடு, பற சிறுநூல்களையும் கேட்டு வாங்குங்கள். பதினாறு பக்கம், பெரிய எழுத்து, நல்ல படம். பதினைந்து வயதுப் பிள்ளையும் கூச்சப்படாமல் கையில் எடுக்கக்கூடிய கதைகள் அவற்றில் இருக்கின்றன.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 1 உள்ளாட்சி நாள், அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை. கையில் கணக்கில்லாமல் போய்க் கத்தினால் “பார்க்கிறோம்மா” என்று உட்காரவைத்துவிடுவார்கள். பல மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பு வந்தது, நமக்குத் தெரிந்த தலைவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும் வசதியும் போனது. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கியாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, விரைவுத் தபால். முதல் மனு வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு: கடந்த மூன்று நிதியாண்டில் எங்கள் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு, எந்தத் தேதியில். இரண்டாவது மனு மாவட்ட நூலக அலுவலகத்துக்கு: எங்கள் ஊராட்சியிலிருந்து வந்தது எவ்வளவு, எங்கள் ஊராட்சி ஒன்றியத்துக்குச் செலவிட்டது எவ்வளவு. இரண்டு பதிலும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நம் பேச்சு தொடங்கும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். உரிய இடத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

கிராம சபைக்குப் பிள்ளைகளின் தாய்மாரை அழைத்துவாருங்கள், ஆளுக்கொரு வரி ரசீதோடு. தீர்மானத்தை எழுதச் சொல்லி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். எதிர்த்துப் பேசுகிறவர் இருப்பார், “இதெல்லாம் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்” என்பார். அவரிடம் சண்டை வேண்டாம். அவர் வீட்டு ரசீதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், அவரும் கட்டியிருப்பார்.

பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. நவம்பர் 1-க்குள் பதில் கையில் இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் 25-க்குள் மனு தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மையமும் இரண்டு மனு. விரைவுத் தபால் ரசீதின் நகலை ஒன்றியப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.